பீச்சாங்கைதானே

அன்னக்கொடிக்குக் கைகள் இரண்டு இருந்தாலும் வேலைக்கு ஆவது ஒன்றுதான். வலது கை ஊருக்கு. சாப்பிட, திருநீறு எடுக்க, வீட்டுக்கு வந்தவர்களிடம் தண்ணீர்ச் செம்பை நீட்ட. பெரிய வீட்டு மாப்பிள்ளை மாதிரி விசேஷத்துக்கு மட்டும் வெள்ளையும் சொள்ளையுமாக முன்னால் வந்து நிற்கும். குடும்பத்துக்கு உழைத்தது இடது கைதான். கூட்டியது, துவைத்தது, அரிவாள்மனையில் காய் நறுக்கியது, ஊசியில் நூல் கோத்தது, எல்லாவற்றுக்கும் மேலாக முறுக்குச் சுற்றியது.

அந்தக் கை முறுக்குச் சுற்றும் அழகை நேரில் பார்த்தவர் அவள் புருஷன் சோலை ஒருவர்தான். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். மாவில் வந்து உட்கார்ந்த ஈ ஒன்று பறக்க எழுவதற்குள் அதைச் சுற்றி மூன்று வளையம் போட்டுவிட்டாளாம். ஈ நடுவில் நின்றுகொண்டு வெளியே போக வழி கேட்டதாம். வைகையில் வெள்ளம் வந்து அடுப்படி வரைக்கும் ஏறினாலும் அவள் கை நிற்காதாம். வைகையில் தண்ணீர் வந்தால்தானே என்று நாம் குறுக்கே கேட்கக் கூடாது.

பேரையூருக்குத் தெற்கே, மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற காட்டில் பிறந்தவள் அவள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே எதற்கும் இடது கைதான் முதலில் நீளும். அவளுடைய அம்மா முதலில் திட்டிப் பார்த்தாள், பிறகு வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். இரண்டுக்கும் மசியவில்லை என்றதும் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையின் இடது கையை முதுகுப் பக்கம் மடக்கித் துண்டால் கட்டிப் போட்டுவிடுவாள்.

"பீச்சாங்கையால திங்கிறவளை எவன்டி கட்டுவான்? கட்டினாலும் எவ வீட்டுல பந்திக்கு விடுவா?"

அப்படிக் கட்டிக் கட்டியே வலது கை சாப்பிடக் கற்றுக்கொண்டது. பள்ளிக்கூடத்து வாத்தியார் பிரம்பால் அடித்து அதற்கு எழுதவும் சொல்லிக் கொடுத்தார். எழுதியதை அவரே படிக்க முடியாது என்பது வேறு விஷயம். பெண் பார்க்க வந்த அன்று வலது கையால் காபி கொடுத்து, வலது கையால் வெற்றிலை நீட்டி, சோலையின் குடும்பத்தையே அவள் ஏமாற்றிவிட்டாள். கல்யாணமான மறுவாரம் தேங்காய் உடைக்கும்போதுதான் சோலைக்குக் குட்டு விளங்கியது.

"அடியே, நீ நொட்டாங்கைக்காரியா!"

"ஏன், தேங்காய் உடையலையா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் குரலைத் தணித்து, "வெளியில மட்டும் காட்டிக்காத" என்றார். லாரி பட்டறையில் வேலை பார்க்கிற மனிதர். இரும்புக்கு இடது வலது கிடையாது என்று தெரிந்தவர். ஆனாலும் ஊருக்குப் பயந்தவர்.

கோச்சடைக்குக் குடிவந்த பிறகு அன்னக்கொடி கைமுறுக்குச் சுற்ற ஆரம்பித்தாள். காஜிமார் தெருப் பக்கம் பலகாரக் கடை வைத்திருந்த சபியா அவள் முறுக்கை ஒரு தடவை கடித்துப் பார்த்துவிட்டு, "இனி நீ வேற எவளுக்கும் போடக் கூடாது அன்னம், எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு கல்யாணச் சீருக்கு, வளைகாப்புக்கு, சடங்குக்கு என்று தட்டுத் தட்டாகப் போனது. சீர்வரிசைத் தட்டில் வைக்கிற முறுக்கு பீச்சாங்கையால் சுற்றியது என்று தெரிந்தால் எந்தச் சம்பந்தி வாங்குவார்? ஆகவே மாவைப் பிசைந்துவிட்டால் அடுப்படிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவாள். கண் பட்டுவிடும், அதனால் யாரும் பார்க்கக் கூடாது என்று வெளியே ஒரு கதை விட்டிருந்தாள். ஊரும் நம்பியது.

உண்மையில் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அவள் முழு மனுஷியாக இருந்தாள். வெளியே வந்தால் ஒவ்வொரு அசைவையும் ஒரு தரம் நிறுத்தி, கையை மாற்றி, பிறகு நீட்ட வேண்டும். உள்ளே அந்தத் தொல்லை இல்லை. கை நினைத்ததைக் கை செய்தது. வெள்ளைத் துணியில் வரிசையாக முறுக்குகள் விழுந்துகொண்டே இருக்கும். அவள் பாட்டுக்கு ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

மார்பில் கட்டி வந்ததும் இடப்பக்கம்தான்.

அறுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். ஊசி ஏற்றினார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். முடி கொட்டி, நாக்கு செத்து, வெந்த சோற்று வாசனைக்கே குமட்டிக்கொண்டு கிடந்த மாதங்களில் பார்க்க வந்த சனமெல்லாம் ஒரே ஆறுதலைத்தான் சொன்னது. "நல்ல வேளை, பீச்சாங்கைப் பக்கமாப் போச்சு. சோத்துக்கைப் பக்கம் வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நாத்தனார் சொன்னாள். ரத்தம் எடுக்க வந்த நர்ஸ்கூடச் சொன்னாள். அன்னக்கொடி எல்லோருக்கும் தலையை ஆட்டினாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த பிறகு போர்வைக்குள் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்ப்பாள். மடங்கின, நீண்டன. அது போதும். உயிர் பிழைப்போமா என்று அவள் பயந்ததைவிட, வைகாசி முகூர்த்தத்துக்குள் அடுப்படிக்குப் போய்விட வேண்டும் என்று தவித்ததுதான் அதிகம்.

பிழைத்துக்கொண்டாள். முடிகூட முளைத்தது, அதுவும் சுருட்டையாக. "காசு செலவில்லாம பியூட்டி பார்லர் போயிட்டு வந்துட்ட" என்று சோலை கேலி செய்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், ஒரு நாள் காலையில் இடது கை வளையல் மணிக்கட்டைத் தாண்டி ஏறவில்லை. இரண்டு நாளில் ரவிக்கைக் கை இறுக்கியது. விரல் முட்டிகள் உப்பி மறைந்தன. மாவு மூட்டையை நனைத்துத் தோளில் தொங்கவிட்டது போல் கை கனத்தது. அமுக்கினால் குழி விழுந்து, அந்தக் குழி மெல்ல மெல்ல மேலே வந்தது.

"கொசு கடிச்சிருக்கும்" என்றார் சோலை.

"எந்தக் கொசு? யானைக் கொசுவா?"

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "யானைக்கால் வியாதி கைக்கும் வருமாடி?" என்று கேட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவள் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பக்கம் தண்ணீர் குடிக்க வருவது நின்றது.

பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்து இயன்முறை சிகிச்சை அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ரோகிணி என்கிற பெண் இருந்தாள். சின்ன வயசு, கோபமில்லாத முகம். அளக்கிற நாடாவைக் கையில் சுற்றிச் சுற்றி அளந்தாள்.

"பயப்படாதீங்கம்மா, இது ஒட்டுற வியாதி இல்ல. ஒடம்புல ரத்தம் ஓடுற மாதிரி நிணநீர்னு ஒரு நீரும் ஓடும். அது வடியற மடை அக்குள்ல இருந்துச்சு. கட்டிக்காக அதை எடுத்துட்டாங்க. கரண்ட் வேற வச்சிருக்கு. இப்ப தண்ணி வருது, போக வழியில்ல. அதான் கை கண்மாய் மாதிரி நெறைஞ்சு நிக்குது."

"மடையைத் திரும்ப வைக்க முடியாதா மேடம்?"

"முடியாதும்மா. ஆனா தண்ணியைத் தள்ளி வேற வழியா அனுப்பலாம். தினமும் செய்யணும். விட்டா ஏறிரும்." அப்புறம் ரோகிணி பேனாவை எடுத்துக்கொண்டு, இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்கிற விதத்தில்தான் அதைக் கேட்டாள். "எந்தக் கையிலம்மா சாப்பிடுவீங்க?"

அன்னக்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா கட்டிய துண்டு இன்னும் முதுகில் இருப்பது போல் இருந்தது. "என்ன மேடம் இப்பிடிக் கேக்குறீங்க? சோத்துக்கையிலதான்."

"அப்ப வலது கை. ரொம்ப நல்லதாப் போச்சு. வேலை செய்ற கை தப்பிச்சிருச்சு."

அன்னக்கொடி வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டியதுதான் என்று நாக்கு வரைக்கும் வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த சோலையைப் பார்த்தாள். அவர் அண்ணாந்து, வாழ்நாளில் பார்க்காத அதிசயம் போல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"வீட்டு வேலைதான் மேடம்."

"அடுப்பு அனல் இந்தக் கையில படக் கூடாது. வெட்டு, சூடு, ஊசி எதுவும் கூடாது. சின்னப் புண்ணுல கிருமி போனாலும் கை மொத்தமும் பழுத்துரும். கனம் தூக்கக் கூடாது. அதுக்காகக் கையைச் சும்மாவும் வச்சிருக்காதீங்க. இந்தக் கையால எப்பவும் என்ன செய்வீங்களோ, அதைச் செஞ்சுக்கிட்டே இருங்க."

சோத்துக்கைக்காரி ஒருத்தி தன் இடது கையால் எப்பவும் என்ன செய்வாள்? செம்பைப் பிடிப்பாள், கொண்டையை அள்ளி முடிவாள். ரோகிணி நினைத்தது அதைத்தான். அன்னக்கொடியோ அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் கோயில் பிரசாதம் போல முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். அந்தப் பெண் அறியாமல் சொன்னாள் என்பது இவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவள் மாதிரி இருந்துவிட முடிவு செய்துவிட்டாள்.

பஸ்ஸில் சோலை கேட்டார். "சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"நான் எப்பிடிச் சொல்றது? ஒன் கை."

"அந்த வரிசையில ஒக்காந்திருந்த பொம்பளைகள்ல ஒருத்தியாவது கோச்சடைக்காரியா இருப்பா. பீச்சாங்கையால முறுக்குச் சுத்துறவன்னு சாயங்காலத்துக்குள்ள சந்தைக்கடை வரைக்கும் போயிரும். அப்புறம் சபியாக்கா மொகத்துல எப்பிடி முழிக்கிறது?"

சோலை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அழுத்தமான கைச்சட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். தோல் நிறத்தில், மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும். அன்னக்கொடி அதற்குப் போலீஸ்காரன் என்று பேர் வைத்தாள். காலையில் அதை மாட்டுவது இலவம்பஞ்சு மெத்தையைத் தலையணை உறைக்குள் திணிப்பது மாதிரி. சோலை ஒரு பக்கம் இழுப்பார், அவள் ஒரு பக்கம் கத்துவாள். சித்திரை வெயிலில் அது உள்ளே வெந்து, வேர்த்து, அரித்தது. மாட்டுவதற்கு முன்னால் கையை நீவிவிட வேண்டும். பூனையைத் தடவுகிற மாதிரி மெதுவாக, கழுத்திலிருந்து தொடங்கித் தோளுக்கு இறங்கி, நீரை மேல் நோக்கி அனுப்ப வேண்டும் என்று ரோகிணி சொல்லிக் கொடுத்திருந்தாள். சோலை வாழ்நாளில் பூனையைத் தடவியவர் இல்லை.

"ஆ! லாரி டயருக்கா காத்தடிக்கிறீங்க?"

"மெதுவாத்தானடி தடவுறேன்."

"இதான் மெதுவான்னா, அந்த லாரிகளை நெனச்சாப் பாவமா இருக்கு."

ஆனாலும் கொஞ்சம் வடிந்தது. விரல் முட்டிகள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தன. அப்போதுதான் சபியாவின் போன் வந்தது. வைகாசியில் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். "ஒடம்புக்கு முடிஞ்சாச் செய் அன்னம், முடியலைன்னா விட்டுரு, நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

வேற ஆள். அந்த வார்த்தை அறுவைக் கத்தியைவிடக் கூர்மையாக இருந்தது. "யாரும் வேணாம்கா. நான் செய்றேன்."

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மாவு ஒட்டுகிறது, போலீஸ்காரன் இடைஞ்சலாக இருக்கிறான் என்று அவனை முழங்கைக்கு மேலே சுருட்டி ஏற்றிவிட்டாள். சுருட்டிய சட்டை கயிறு கட்டியது போல் இறுக்கி, கீழே இருந்த நீரை மேலே விடாமல் பிடித்துக்கொண்டது. அது அவளுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் விரல்கள் மறக்கவில்லை என்பதுதான். முதல் முறுக்குச் சற்றுக் கோணியது. அடுத்தது நேரானது. பிறகு துணி நிறைந்தது. வாணலியில் எண்ணெய் காய்ந்தது. வெகு காலத்துக்குப் பிறகு அவள் முணுமுணுத்தாள். அந்த நாட்களில் அவள் பட்ட சந்தோஷத்தைக் கெட்டது என்று சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அது கெட்டதுதான்.

அடுத்த முறை அளந்தபோது ரோகிணியின் நெற்றி சுருங்கியது. "ஏறியிருக்கேம்மா. இந்தக் கையில பெரிசா வேலையே இல்ல, அப்புறம் ஏன் ஏறுது? சட்டையைப் போடுறீங்களா?"

"போடுறேன் மேடம்." போடத்தான் செய்தாள். எங்கே சுருட்டினாள் என்பதைச் சொல்லவில்லை.

அதற்கடுத்த முறை ரோகிணி தன் மேலேயே சந்தேகப்பட்டாள். நாடாவை மாற்றி அளந்து பார்த்தாள். கைச்சட்டையின் அளவு தவறோ என்று வேறு கொடுத்தாள். பட்டை பட்டையாகத் துணி சுற்றிக் கட்டு ஒன்றும் போட்டுவிட்டு, சோலைக்கும் கட்டச் சொல்லிக் கொடுத்தாள். அன்னக்கொடி வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டை அவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சோலை கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "அன்னம், போதும்டி. வெளியில வா" என்று கூப்பிட்டுப் பார்த்தார்.

"இந்த முகூர்த்தத்தோட சரி."

எல்லா முகூர்த்தத்துக்கும் அதையேதான் சொன்னாள்.

வைகாசி முடிகிற சமயம் எண்ணெய் தெறித்தது. புறங்கையில் கடுகளவு கொப்புளம். அடுப்பு வேலை செய்கிறவளுக்கு அது ஒரு காயமா? மஞ்சளைத் தடவிவிட்டு மிச்ச மாவையும் சுற்றி முடித்தாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் குளிர் நடுக்கம் கண்டது. கட்டிலோடு சேர்ந்து ஆடினாள். கை முழுக்க நெருப்பு மாதிரி சிவந்து, தொட்டால் சுட்டது. "அம்மா, கையை அவுத்துவிடும்மா, அவுத்துவிடு" என்று பிதற்றினாள். சோலை ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வலது கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள்.

ஜுரம் இறங்கிக் கண் தெளிந்தபோது ரோகிணி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலிலும் ஆட்காட்டி விரலிலும் வருஷக் கணக்காகக் காய்த்துப் போன தோல். புறங்கையில் பழைய சூட்டுத் தழும்புகள், மச்சம் போல.

"அம்மா, வலது கையைக் காட்டுங்க." காட்டினாள். வழவழவென்று, புதுப்பெண்ணின் கை மாதிரி இருந்தது.

ரோகிணி இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க இடது கைப் பழக்கமா?"

அன்னக்கொடி சோலையைத் தேடினாள். இந்த முறை அவர் மின்விசிறியைப் பார்க்கவில்லை. "ஆமா மேடம்" என்றார். "எல்லா வேலையும் அந்தக் கைதான். முறுக்குச் சுத்துவா. தெனமும். அனல்லதான்."

"நான் கேட்டேனே!"

"எந்தக் கையில சாப்பிடுவன்னுதான கேட்டீங்க" என்றாள் அன்னக்கொடி. சொன்னது அவளுக்கே கேட்டதோ என்னவோ, அவ்வளவு மெல்லிய குரல்.

ரோகிணிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் மேல் கோபமா, இவள் மேல் கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று மாலை சபியா வந்தாள். கையில் நோன்புக் கஞ்சி மாதிரி ஏதோ காய்ச்சிக் கொண்டுவந்த தூக்கு. கட்டிலில் உட்கார்ந்து அன்னக்கொடியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அல்லா காப்பாத்துனான். நான் தெனம் துவா கேட்டேன். என்னடி இது, அம்புட்டுப் பெரிய கையா வச்சிருக்க?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? அன்னக்கொடி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "சபியாக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். இம்புட்டு வருஷமா முறுக்கெல்லாம் பீச்சாங்கையிலதான் சுத்துனேன்."

சபியா தூக்கைத் திறந்துகொண்டிருந்தவள், நிமிராமலே, "அது தெரியும்ல" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஊரு முறுக்கெல்லாம் ஒரு பக்கமாச் சுத்தியிருக்கும், ஒன் முறுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் சுத்தியிருக்கும். கண்ணு தெரியாதவகூடத் தடவிப் பாத்துச் சொல்லிருவா. கடைக்கு வர்றவங்க, 'அந்த எடம்புரி முறுக்கு வந்திருச்சா'ன்னுதான் கேப்பாங்க. அதான் வேணும்னு சீருக்கு வாங்கிட்டுப் போறவங்க இருக்காங்க."

அன்னக்கொடி எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "எப்ப இருந்துக்கா தெரியும்?"

"மொத முறுக்குல இருந்து."

"ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"நீ ஏன் சொல்லலைன்னு நான் நெனச்சேன். கதவைச் சாத்திக்கிட்டுச் சுத்துறவகிட்ட, கதவைத் தட்டியா கேக்க முடியும்? சரி, அவளுக்குன்னு ஒரு வெக்கம், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." சொல்லிவிட்டுச் சபியா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் அன்னக்கொடியின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது.

ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்றை மறைப்பதற்காகத்தான் அவள் ரோகிணியிடம் பொய் சொன்னாள். அந்த ரகசியத்தைத் துணியில் முறுக்காகச் சுற்றிச் சுற்றி அவளே எழுதி, தட்டுத் தட்டாக ஊருக்கெல்லாம் அனுப்பி வைத்திருக்கிறாள். தாழ் போட்ட கதவுக்குள் உட்கார்ந்துகொண்டு!

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கஞ்சியை வலது கையால் வாங்கிக் குடித்தாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று ரோகிணி எதையும் ஒளிக்காமல் சொன்னாள். "தோலு கெட்டியாயிருச்சும்மா. அமுக்குனா முன்ன மாதிரி குழி விழலை பாத்தீங்களா? உள்ள நாரு மாதிரி ஆயிருச்சு. கட்டு கட்டி, நீவிவிட்டு, இதுக்கு மேல ஏறாமப் பாத்துக்கலாம். கொஞ்சம் கொறையவும் செய்யும். பழைய கை வராது."

"சுத்தவே கூடாதா மேடம்? அனல் வேணாம், வேற ஆளு சுடட்டும். சுத்துறது மட்டும்?"

"விரலை மடக்குங்க பாப்போம்."

மடக்கினாள். ஆட்காட்டி விரல் கட்டை விரலைத் தொடுவதற்குப் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. வீங்கிய சதை சதையையே தடுத்தது. இன்னொரு தரம் முயன்றாள். ரோகிணி அவள் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே வைத்தாள்.

"வலது கைக்குப் பழக்கலாம்மா. நெறையப் பேரு பழகியிருக்காங்க."

அன்னக்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கு ஏற்கனவே பழக்கிப் பாத்தாச்சு மேடம். எங்கம்மாவும் வாத்தியாரும் பாத்தாங்க. அதுக்குத் திங்க மட்டும்தான் தெரியும்."

இருந்தாலும் முயன்று பார்த்தாள். ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாத காலம். கதவைத் திறந்து போட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். இனி யாரிடம் மறைக்க? பக்கத்து வீட்டுக்காரியே வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். வலது கை மாவைக் கிள்ளியது. கிள்ளிய மாவு கயிறாகவில்லை, உருண்டையாகவே நின்றது. திரித்தால் அறுந்தது. வளைத்தால் உடைந்தது. வெகு நேரம் பாடுபட்டு முறுக்கு என்று ஒன்று துணியில் விழுந்தது. அட்டைப்பூச்சி சுருண்டு கிடந்தது போல் இருந்தது அது.

"போகப் போக வந்துரும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அன்னக்கொடி தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழவழப்பான, வேலை தெரியாத, அடுத்தவர் வீட்டுக் கை. அதன் மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. மாவை எடுத்துத் தென்னை மரத்தடியில் கொட்டினாள். காக்கைகள் வந்தன. கழுவிய வாணலியைப் பரணில் கவிழ்த்து வைக்கச் சொல்லிச் சோலையிடம் கொடுத்தாள். அவர் ஏணியைப் போட்டு ஏறினார்.

அன்று முதல் பொழுது எப்படிப் போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. மற்ற வேலைகளும் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போயின. காய் நறுக்க முடியவில்லை. புடவைக் கொசுவம் பிடிக்க முடியவில்லை. தலை வாரிப் பின்னச் சபியா வாரத்தில் ஓரிரு நாள் வந்தாள். மற்ற நாட்களில் அன்னக்கொடி தலையை அள்ளி முடியாமல் அப்படியே விட்டாள். சோலை பட்டறைக்குப் போகும் முன் சமைத்து வைத்துவிட்டுப் போனார். அவர் வைக்கும் குழம்பைச் சாப்பிட்டால் லாரிகூட ஓட மறுத்துவிடும். அன்னக்கொடி அதையும் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். குறை சொல்லாததுதான் சோலையை உருக்கியது. திட்டுவாள் என்று வேண்டுமென்றே ஒரு நாள் உப்பை அள்ளிப் போட்டார். அதையும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

ஆவணி பிறந்தது. ஒரு காலையில் சோலை கட்டுப் போட உட்கார்ந்தார். விரல்களுக்கு மெல்லிய துணி, அதன் மேல் பஞ்சு, அதற்கு மேல் பட்டைத் துணி. கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு அன்னக்கொடி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அவள் வலது கையால் எடுத்தாள்.

"முறுக்குப் போடுற அன்னக்கொடியம்மாங்களா? நாங்க வண்டியூர்ல இருந்து பேசுறோம். பொண்ணுக்கு இந்த மாசம் கல்யாணம். ஒங்க முறுக்குத்தான் வேணும்னு மாப்பிள்ளை வீட்டுல..."

"ராங் நம்பருங்க" என்றாள் அன்னக்கொடி.

"அப்பிடியா? பலகாரக் கடையில முன்னாடி குடுத்த நம்பர் இதுதான்..."

"இங்க அப்பிடி யாரும் இல்லங்க." போனைக் கட்டிலில் வைத்தாள்.

சோலையின் கை பாதிச் சுற்றில் நின்றிருந்தது. துணி பிடி விட்டு நழுவியது. "ஏன்டி இப்பிடிச் சொல்ற? ஒடம்புக்கு முடியலைன்னு சொல்லியிருக்கலாம்ல. சபியாகிட்டச் சொல்லி வேற ஆள் மூலமா..."

"விரல்ல லூசா இருக்கு" என்றாள் அவள். "மேல போகப் போக இறுக்குறீங்க. கீழதான் கொஞ்சம் இறுக்கமா வரணும், மேல போகப் போக லேசாகணும். அவுத்துட்டு மொதல்ல இருந்து சுத்துங்க."

அவர் அவிழ்த்தார். போன் மறுபடியும் அடித்தது. அதே நம்பர். இருவரும் அதைப் பார்த்தார்கள். அது முழுசாக அடித்து ஓய்கிற வரைக்கும் அவர் துணியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு சுண்டு விரலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.